ஒருமுறை மருந்தின் விலை

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் மாமாவும் சுகம். மாமாவின் சர்க்கரை அவர் வாய்க்கு ஒன்று, ரிப்போர்ட்டுக்கு ஒன்று என்று ஓடிக்கொண்டிருக்கிறது. உன் முதுகுவலி எப்படி? அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா?

நம் ஆட்டப் புத்தகத்தைப் பதிப்பகம் எடுத்துக்கொண்டது. நீயும் நானும் இத்தனை வருடம் மல்லுக்கட்டி எழுதியது புத்தகமாக வரப்போகிறது. எடிட்டர் அம்மாவுக்கு இந்த விளையாட்டே புதிது. போர்டு இல்லை, காய் இல்லை, எதை வைத்து ஆடுவீர்கள் என்று கேட்டார். ஒருவர் கதையை நடத்துவார், மேசையைச் சுற்றி இருப்பவர்கள் ஆளுக்கொரு வீரன், திருடன், மந்திரக்காரி என்று ஆகி ஒரு பாழடைந்த கோட்டைக்குள் போவார்கள், கதவைத் திறப்பது அவர்கள் இஷ்டம், திறந்தபின் பிழைப்பது பகடையின் இஷ்டம் என்று விளக்கினேன். "அப்ப பயப்படுறதுக்குத்தான் ஆடுறீங்க" என்றார். சரியாகத்தான் பிடித்துக்கொண்டார்.

ஒரு அத்தியாயம் பாக்கி. கோட்டைக்குப் போகுமுன் சாமான் வாங்கும் கடைத்தெரு இருக்கிறதே, அதில் வாள், கேடயத்துக்கெல்லாம் விலை போட்டுவிட்டேன். ஒரே ஒரு முறை மட்டும் வேலை செய்யும் மந்திரச் சாமான்களிடம்தான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். வாள் வாங்கினால் ஆயுசுக்கும் வரும். காயமாற்றும் மருந்து குடித்தால் காலி, நெருப்புச் சுருள் வாசித்தால் சாம்பல். மலிவாக வைத்தால் எல்லோரும் பை நிறைய அடைத்துக்கொண்டு போவார்கள், அப்புறம் பயம் எங்கே? விலையை ஏற்றினால் ஒருவரும் வாங்கமாட்டார்கள், அத்தியாயமே தண்டம்.

சூப்பர்மார்க்கெட்டில் நாளெல்லாம் விலைச்சீட்டு ஒட்டுகிறவன் நீதான், ஆகவே இது உன் தலையில். ஒரு நிபந்தனை: ஆட்களோடு ஆடிப் பார்த்துத்தான் விலை போட வேண்டும். புதுக் கிளைக்கு மாற்றலாகிப் போகும்போதே அங்கே ஒரு மேசை சேர்த்துவிடுவேன் என்று சொன்னாய். சேர்ந்ததா? இங்கே உன் நாற்காலியில் இப்போது பல் டாக்டர் உட்காருகிறார். உன்னளவு சண்டை போடுவதில்லை, அதனால் ஆட்டம் சப்பென்று இருக்கிறது.

வழக்கம்போல் கடிதத்திலேயே பேசுவோம். போனில் நமக்கு முடிவு வந்த சரித்திரம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முதுகுவலி பரவாயில்லை. மாமாவை ரிப்போர்ட்டை நம்பச் சொல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கடையில் ஸ்டாக் எடுப்பு.

மேசை சேர்ந்துவிட்டது. மூன்று பேர். எனக்கு முடிவெட்டும் சலூன்காரர் ஒருவர். கத்தரி நிற்கிற வரைக்கும் வாய் நிற்காது, அவர்தான் வீரன். மாடிவீட்டு நர்ஸ் மந்திரக்காரி. எங்கள் கட்டடத்தின் லிஃப்ட் மெக்கானிக் திருடன். பூட்டைப் பார்த்தாலே அவருக்குக் கை பரபரக்கிறது. சனிக்கிழமைதோறும் என் அறையில் கூடுகிறோம். நாற்காலி பற்றாமல் நான் பால் கிரேட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்காருகிறேன்.

விலையைப் பற்றி எனக்கு ஒன்று தோன்றுகிறது. கடையில் தேதி போட்ட பாலை ஆட்கள் வாங்கிக் குடித்துவிடுகிறார்கள். தேதி இல்லாத தேன்பாட்டில் வீட்டு அலமாரியில் வருடக்கணக்கில் கிடக்கிறது. மருந்துக்கு விலை அதன் சக்தியில் இல்லை, ஆள் அதை நிஜமாகவே குடிக்கிறானா என்பதில் இருக்கிறது. குடிக்கிறவனுக்கு அது முழு மதிப்பு. அதைத்தான் எண்ணிப் பார்க்கப்போகிறேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம், எனக்கு மட்டும் கண் உறுத்தல். கண்ணாடிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு கண்வலி என்றால் முதலாளி சிரிக்கிறார். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை மேசையில் உரக்க வாசித்தேன். மாமாவுக்கு உன் சலூன்காரரை ரொம்பப் பிடித்துவிட்டது. இங்கே திருடனாக ஆடும் நீச்சல் மாஸ்டர், அந்த மெக்கானிக்கைத் தன் மெக்கானிக் என்று உரிமை கொண்டாடுகிறார். நீ அங்கே போய்த் தனியாக உட்கார்ந்திருப்பாயோ என்று எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. இனிமேல் இல்லை. சந்தோஷமாக இருக்கிறது.

எங்கள் கதையைக் கேள். மருந்து ஐம்பது பொற்காசு என்று வைத்து ஆடினோம். மாமா ஏழு குப்பி வாங்கினார். ஏழையும் பையில் வைத்துக்கொண்டே செத்தார். ஏன் குடிக்கவில்லை என்றால், "இதைவிடப் பெருசா ஏதாவது வந்தா வேணுமே" என்கிறார். எதிரே நின்ற பூதத்தைவிடப் பெரிசு எதுவும் அந்தக் கோட்டையிலேயே இல்லை, அது அவரை மென்று துப்பிவிட்டது. பல் டாக்டர் நெருப்புச் சுருளைத் தொடவே இல்லை. மாஸ்டர் ஒன்றைக் குடித்துவிட்டு, அநியாயமாகத் தீர்த்துவிட்டேனே என்று அன்று முழுவதும் புலம்பினார். உன் மேசையில் எப்படி? எண்ணி எழுது.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலமே. உன் கண் இப்போது எப்படி? சொட்டுமருந்து போடாமல் சமாளிக்காதே.

உங்கள் மேசைக்கு நேர் எதிர் எங்கள் மேசை. நான்கு ஆட்டம் ஆடினோம். வாங்கிய மருந்தில் ஒரு சொட்டுகூட மிச்சமில்லை. சலூன்காரர் பாதி உயிருக்கு இறங்கியதும் குடித்துவிடுகிறார். மெக்கானிக் நெருப்புச் சுருளை எலிக்கும் பூனைக்கும் வீணாக்காமல், சரியாக எலும்புக் காவலர்கள் கும்பலாக வரும் கூடத்தில் வாசித்தார். நர்ஸ் கெட்டிக்காரி. கல்பாம்பு இருக்கும் அறைக்கு முந்தின அறையிலேயே விஷமுறிவைக் குடித்துவிட்டார், பாம்பு கடித்தும் ஒன்றும் ஆகவில்லை. சலூன்காரர் கைதட்டிச் சிரித்தார்.

முழுதாகப் பயன்படும் சாமானுக்கு மலிவு விலை கூடாது. நூற்றிருபது பொற்காசு என்று முடிவு செய்திருக்கிறேன். நூற்றிருபதிலும் எங்கள் ஆட்கள் வாங்குகிறார்கள். கணக்கை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நீ இரண்டு முறை போன் செய்ததைப் பார்த்தேன். ஷிப்ட் நேரம். எழுதுவதே எனக்குச் சௌகரியம்.

தம்பி


ஏப்ரல் 10

அன்புள்ள தம்பிக்கு,

சுகம், சுகமறிய ஆவல். சொட்டுமருந்து போட்டேன், போதுமா?

உன் கணக்கை அப்படியே எடிட்டருக்கு அனுப்பினேன். என் மேசைக் கணக்கு கந்தல்கூடை மாதிரி இருக்கிறதாம், உன்னுடையது கண்ணில் ஒற்றிக்கொள்ளலாமாம். நூற்றிருபதே என்று அச்சுக்கோர்க்கச் சொல்லிவிட்டார். மே கடைசியில் அச்சுக்குப் போகிறது.

ஆடிப் பார்த்து உதவியவர்களுக்கு நன்றி என்று ஒரு பக்கம் வருகிறது. உன் மூவரின் முழுப்பெயரையும் எழுதி அனுப்பு. ஆளுக்கொரு பிரதியும் உண்டு. அதை நானே கொண்டுவரலாம் என்று பார்க்கிறேன். அடுத்த மாதம் எனக்கு நான்கு நாள் லீவு சேருகிறது. ஒரு சனிக்கிழமை உன் மேசையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். பேசமாட்டேன், சண்டை போடமாட்டேன்.

உன் கடிதத்தை நாளை எங்கள் மேசையில் வாசிக்கப்போகிறேன். எல்லோரும் நர்ஸ் கதைக்காகக் காத்திருக்கிறார்கள்.

அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமா நலம்தானே?

வர வேண்டாம். மெக்கானிக்குக் கணுக்கால் பிசகிவிட்டது, நர்ஸுக்கு டியூட்டி மாறிவிட்டது, மேசை இப்போதைக்கு நின்றிருக்கிறது. பெயரெல்லாம் போட அவர்களுக்கு விருப்பமில்லை. கூச்ச சுபாவம். நன்றிப் பக்கத்தில் உங்கள் ஆட்களை மட்டும் போட்டால் போதும்.

அவசரத்தில் எழுதுகிறேன்.

தம்பி


மே 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே உடம்புக்கு எல்லோரும் நலம். மனதுக்கு நான் நலமில்லை. இந்தக் கடிதத்தை எழுத எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

உன் ஏப்ரல் கடிதத்தை மேசையில் வாசித்தேன் அல்லவா? நர்ஸ் விஷமுறிவு குடித்த இடம் வந்ததும் பல் டாக்டர் கையைத் தூக்கினார். "அடுத்த ரூம்ல பாம்பு இருக்குன்னு அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அவரே தொடர்ந்து, "நாலு ஆட்டத்துல ஒருத்தர்கூட ஒண்ணைக்கூட மிச்சம் வைக்கலையா? இது மூணு பேர் இல்லீங்க. ஒரே ஆள் நாலு சீட்டுல மாறி மாறி உக்காந்து ஆடிருக்கார்" என்றார். மாஸ்டர் எழுந்து, நாற்காலிக்கு நாற்காலி தாவி உட்கார்ந்து நடித்துக் காட்டினார். மேசையே குலுங்கியது.

தம்பி, நானும் சிரித்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு. மாமா மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன்னைச் சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்தவள், அந்நியர்களோடு சேர்ந்து உன்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்கிறது. அன்றிலிருந்து மேசைக்கு நான் யாரையும் கூப்பிடவில்லை.

உன்னை நான் ஒன்றும் கேட்கவில்லை. அச்சுக்குப் போகுமுன் விலையை மாற்ற வேண்டும், அதை மட்டும் சொல்கிறேன். நூற்றிருபது என்றால் ஒருவரும் வாங்கமாட்டார்கள். புத்தகத்தை நம்பிக் காசு கொடுக்கிறவர்கள் ஏமாறுவார்கள். நீ சொல்லாமல் நான் மாற்றமாட்டேன். அது உன் அத்தியாயம்.

சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் இரண்டு முறை போன் செய்தேன், வேறெதற்கும் இல்லை.

அக்கா


ஜூன் 1

தம்பிக்கு,

நலமா என்று ஒரு வரி எழுது. இங்கே நலம்.

எடிட்டரிடம் அச்சை நிறுத்தச் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். கணக்கில் ஒரு சந்தேகம், முழுதும் திரும்பப் பார்க்க வேண்டும் என்றேன். கடைசி நேரத்தில் இப்படிச் செய்கிறீர்களே என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். வாங்கிக்கட்டிக்கொண்டேன். தப்பு யாருடையது என்று சொல்லவில்லை. ஒரு மாதம் தவணை கொடுத்திருக்கிறார்.

எழுதுவாய் என்று இருக்கிறேன்.

அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. உன் இரண்டு கடிதமும் வந்தன. முதல் கடிதத்தைப் படித்த அன்று வேலைக்குப் போகவில்லை. முகம் எரிந்தது. யாரோ என் அறைக்கதவைத் திறந்துவிட்ட மாதிரி கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

ஆமாம். மேசை இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை.

உன் முதல் கடிதம் வந்ததும் பகடைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சலூனுக்குப் போனேன். சனிக்கிழமை என் அறைக்கு வருகிறீர்களா, ஒரு விளையாட்டு இருக்கிறது என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்ததும் வாய் ஒட்டிக்கொண்டது. முப்பத்தாறு வயது ஆள், மந்திரவாதி விளையாட்டுக்கு ஆள் தேடி அலைகிறான் என்று அவர் நினைத்துவிட்டால்? முடியை வெட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரமும். "போன வாரந்தானே வெட்டினீங்க, இனி வெட்டணும்னா தோலைத்தான் வெட்டணும்" என்றார். அதற்குமேல் போக முடியவில்லை.

நர்ஸின் முகத்தை நான் சரியாகப் பார்த்ததுகூட இல்லை. மாடிப்படியில் அவர் செருப்பைப் பார்த்திருக்கிறேன். மெக்கானிக் என்னிடம் பேசியது ஒரே வாக்கியம், கதவை விட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார்.

உனக்கு என்ன எழுதுவது? ஆள் கிடைக்கவில்லை என்று எழுதினால் நீ வருத்தப்படுவாய். அதைவிட, எனக்கு ஆள் கிடைக்கவில்லை என்று உனக்குத் தெரிந்துவிடும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதனால் சனிக்கிழமைதோறும் நான்கு டம்ளர் டீ வைத்து, நான்கு பக்கமும் மாறி மாறி உட்கார்ந்து நானே ஆடினேன். நியாயமாகத்தான் ஆடினேன் அக்கா, பகடையை ஒருமுறைகூடத் திருப்பிப்போடவில்லை. கணக்கு சரியாக வரும் என்றுதான் நம்பினேன். மாமா ஏன் ஏழு குப்பியோடு செத்தார் என்பது உன் மே மாதக் கடிதத்தைப் படிக்கும்வரை எனக்குப் புரியவில்லை. அடுத்த கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ என்று அவருக்குப் பயம். எனக்கு அந்தப் பயம் வரவே வழியில்லை. கோட்டையைக் கட்டியவனே நான்தான்.

நீ சிரித்ததற்கு வருந்தாதே. மாஸ்டர் நடித்துக் காட்டியதை நானும் மனதுக்குள் பார்த்தேன். அப்படியேதான் இருந்தேன். சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அவர்கள் முகத்தில் இனி நான் முழிக்க முடியாது.

அத்தியாயத்தைக் கிழித்துவிடு. புத்தகத்திலிருந்து என் பெயரையும் எடுத்துவிடு. மானம் கப்பலேறியது என்னோடு போகட்டும்.

தம்பி


ஜூன் 26

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது.

பெயரை எடுக்கமாட்டேன். புத்தகத்தில் பாதிக்குமேல் உன் மூளை. அதை எடுத்தால் மிச்சம் வாளும் கேடயமும்தான். அத்தியாயத்தைக் கிழிக்கவும் இல்லை. நீ எழுதிய காரணத்தை, கோட்டையைக் கட்டியவனுக்குப் பயம் வராது என்பதை, அப்படியே முதல் பத்தியில் வைத்திருக்கிறேன். யார் சொன்னது என்று வைக்கவில்லை. பயப்படுகிறவன் மருந்தைப் பதுக்குவான், அவன் பயத்துக்கும் சேர்த்துக் கழித்துத்தான் விலை போட வேண்டும். மேசையைத் திரும்பக் கூட்டினேன். ஐம்பதில் பதுக்கினார், நூறில் வாங்கவே இல்லை, அறுபது என்று வைத்தபோதுதான் மாமா முதல்முறையாகக் குப்பியைத் திறந்தார். பாதியைக் குடித்துவிட்டு மீதியை மூடி வைக்கலாமா என்று கேட்டார். விலை அறுபது என்று எடிட்டருக்கு எழுதிவிட்டேன். கணக்கு இந்த முறையும் கந்தல்கூடைதான், ஆனால் நிஜமான கந்தல்.

மேசையில் உன் கடிதத்தை வாசிக்கவில்லை. இனி எதையும் வாசிக்கமாட்டேன். நாம் சிரித்தது தப்பு என்று மட்டும் சொன்னேன். பல் டாக்டர் பகடையை உருட்டிக்கொண்டே இருந்தார். போகும்போது வாசலில் நின்று, "அவர் ஊருக்கு வந்தா அந்த நாற்காலி அவரோடதுதான்னு சொல்லுங்க" என்றார். அவராலும் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எனக்கு ஒன்றுதான் கேட்க வேண்டும். உனக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தாய்? நான் உன் அக்காடா. பரீட்சை மேற்பார்வையாளர் இல்லை. அப்படி நீ பயப்படும்படி நான் என்றைக்கு நடந்துகொண்டேன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஒவ்வொரு கடிதத்திலும் ஆட்கள் சேர்ந்தார்களா, எண்ணினாயா, அனுப்பினாயா என்றுதான் கேட்டிருக்கிறேன். எப்படி இருக்கிறாய் என்று எழுதிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன்.

எப்படி இருக்கிறாய்?

அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

நன்றாக இல்லை. நீ கேட்டதால் எழுதுகிறேன். வேலை முடிந்து வந்தால் பேச ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையில் யாராவது லீவு கேட்டால் நான் போய் நிற்கிறேன், அறையில் இருப்பதற்கு அது மேல். முதுகுவலியும் போகவில்லை. இதையெல்லாம் எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

நேற்று மதியம் சலூனுக்குப் போனேன். கூட்டம் இல்லை. உட்கார்ந்ததும், வெட்ட வேண்டாம், ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். விளையாட்டு என்ன, உனக்கு என்னென்ன எழுதினேன், அவர் என்ன பேசியதாக எழுதினேன், நான்கு டம்ளர், எல்லாம். அவர் சீப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்காமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார்.

"கேக்கத்தான் மூணு தடவை வந்தேன்."

"அதுக்கா அப்படி மொட்டை அடிக்காத குறையா வெட்டிக்கிட்டீங்க?" என்று சிரிக்கப் பார்த்தார். அப்புறம் சிரிக்கவில்லை. தன்னைப் பற்றி யாரோ எங்கேயோ வாசித்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். சீப்பை மேசைமேல் வைத்தார்.

"நான் அதுல என்னவா இருந்தேன்?"

"வீரன்."

"செத்தேனா?"

"ஒரு தடவைகூட இல்ல. எப்பவும் சரியான நேரத்துக்கு மருந்து குடிச்சிருவீங்க."

சீப்பைத் திரும்பக் கையில் எடுத்தார்.

"அப்ப அது நான் இல்லீங்க" என்றார்.

மாதக்கணக்கில் அவர் பெயரில் உட்கார்ந்து ஆடியிருக்கிறேன் அக்கா. அவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. வெட்கத்தோடு எழுந்து கதவுவரைக்கும் போய்விட்டேன். பிறகு திரும்பி, நிஜமாகவே ஒருநாள் ஆட வருகிறீர்களா என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. சனிக்கிழமை கடையைச் சாத்திய பிறகு பார்க்கலாம் என்றார். அது வருகிறேன் என்பதா, ஆளைவிடு என்பதா என்று அவர் குரலில் எனக்குப் பிடிபடவில்லை.

வந்தாலும் எழுதுகிறேன். வராவிட்டால், வரவில்லை என்று எழுதுகிறேன்.

மாமாவுக்கும் உனக்கும் என் அன்பு. கண்ணைப் பார்த்துக்கொள்.

தம்பி